ஜெயிக்கக்கூடியவர்

அதிபர் தேர்தலுக்கான வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. முன்னணியில் இருந்தவர் கருணாகரன். யாரையும் கடிந்து பேசாதவர். ஆளுங்கட்சிக்காரர்கள்கூட அவரை நல்ல மனிதர் என்பார்கள். சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அதுதான் உறுத்தல்.

மண்டப வாசலில் நின்று வாக்குக் கேட்டவர், அற்புதமேரியைக் கண்டதும் கும்பிட்டார். துறைமுகப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இறந்த தொண்டன் சகாயத்தின் மனைவி அவள்.

"ஐயா, அவரைச் சுட்டது தப்புன்னு மேடையில ஒருதரம் சொல்லுவீங்களா?"

கருணாகரன் குரலைத் தாழ்த்தினார். "நடந்திருக்கவே கூடாதும்மா. ஆனா இப்ப அதைப் பேசினா பொதுஜன ஓட்டு போயிடும். முதல்ல ஜெயிச்சு வருவோம்."

அவர் நகர்ந்ததும் சகாயத்தின் தங்கை எஸ்தர் கொதித்தாள். "இந்த ஆளுக்கா போடப்போறீங்க அண்ணி? எதிர்த்து நிக்கிற ரூபாவதி அம்மா எங்க அண்ணன் பேரைச் சொல்லாத கூட்டமே இல்ல."

"அவங்க நின்னா நாடு முழுக்கத் தோத்துருவோம் எஸ்தர். சுடச் சொன்னவனே மறுபடி அதிபரா வந்துருவான்."

உள்ளே போய்க் கருணாகரனுக்கே வாக்களித்தாள்.

மாலையில் அவர் வென்றதாக அறிவித்தார்கள். மேடையேறிய கருணாகரன் எல்லோருக்கும் நன்றி சொன்னார். போலீசாரின் ஒத்துழைப்புக்கும் தனியாக ஒரு நன்றி சொன்னார். கூட்டம் கைதட்டியது. அற்புதமேரியும் தட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எஸ்தர் கம்பியைப் பிடித்தபடி ஊர்வரை நின்றுகொண்டே வந்தாள்.