எட்டாம் தரம் அச்சடிச்ச சிந்து

உக்காருங்க, உக்காருங்க. பேச்சை நிப்பாட்டுங்க. ஏ தலப்பாக்கட்டு அண்ணாச்சி, தலையைக் கொஞ்சம் தாத்தும். பின்னால இருக்கவருக்கு என் மூஞ்சி தெரிய வேண்டாமா? சுண்டல் வாங்கினவங்க தின்னுங்க. வாயை அதுக்கு மட்டும் தொறங்க.

இன்னைக்குப் பாட்டுக் கிடையாது. ஒரு பாட்டு பரவின கதை.

செங்கோட்டைக்கு ரயில் விட்ட புதுசு. நான் சந்தை சந்தையாச் சிந்துப் புஸ்தகம் விக்குதவன். கொலையோ, வெள்ளமோ, எது நடந்தாலும் மறுவாரம் எட்டுப் பக்கப் பாட்டா நம்ம கையில இருக்கும். எனக்கு எழுத்து அரைகுறை. நான் பாடப் பாட, டவுண்ல அச்சாபீஸ் வச்சிருந்த மந்திரமூர்த்தி அண்ணாச்சி எழுதி அச்சுப் போட்டுருவாரு.

ஒருநாள் சேரன்மாதேவி ஸ்டேஷன்ல ரெண்டு பொம்பளைக பேசிக்கிட்டிருந்தாவ. கோமுன்னு ஒரு பொண்ணை ஆத்து வெள்ளம் கொண்டுபோயிட்டாம். அம்புட்டுத்தான் காதுல விழுந்துச்சு. ரயில் வந்துட்டு.

வயசுப் பொண்ணு சும்மா தண்ணியில போயிட்டான்னு பாடினா எவன் வாங்குவான்? நான் ஒரு வளையல்காரனைச் சேத்தேன். அவன் ஏமாத்தினான், இவ குதிச்சான்னு கட்டினேன். சேரன்மாதேவின்னு ஊர்ப் பேரையும் போட்டேன். ஊர்ப் பேர் இருந்தாத்தான் சனம் நெசம்னு நம்பும்.

வளையல்காரன் வாக்கை நம்பி வந்தாளே கோமு – பெத்த
வயிறெரிய வெள்ளத்துல போனாளே கோமு

மேலப்பாளையம் சந்தையில மொதல்ல பாடினேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கலை. மாட்டுத் தரகர் அசன் மைதீன், நம்ம சேக்காளி, அவரே இது ஓடாது வேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அப்பத்தான் ஒரு பிள்ளைவாள் வந்தாரு. நெத்தி நிறைய திருநீறு. சீக்குக் கோழி மாதிரித் தலையைத் தொங்கப்போட்டு, பைய நடந்து, இன்னா இப்பிடி, இப்பிடி, பக்கத்துல வந்து காதுக்குள்ள கேட்டாரு.

"எத்தனை இருக்கு?"

அம்பது இருக்கும்னேன். அம்பதையும் வாங்கித் துண்டுல முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு.

சந்தையே பாத்துச்சு. பெரிய மனுசன் மொத்தமா அள்ளுதாருன்னா உள்ள என்னமோ இருக்குன்னு ஆயிப்போச்சு. மறுவாரம் நான் புஸ்தகக் கட்டை அவுக்குமுன்ன கூட்டம்.

அம்பாசமுத்திரம் போனா அங்கனயும் வந்து நிப்பாரு. முக்கூடல் போனா அங்கனயும் வந்து நிப்பாரு. அவர் வாறதுக்குள்ள வாங்கிரணும்னு சனம் அடிச்சுப் புடிச்சு வாங்கும். நானும் விடுவனா? அவரை மாதிரியே நடந்து, அவரை மாதிரியே கேட்டுக் காட்டுவேன். சனம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். சிரிப்பு அடங்குத வரைக்கும் அவரு ஓரமா நிப்பாரு. அடங்கினதும் வந்து மிச்சத்தை வாங்குவாரு.

மூணு மாசத்துல நடவு வயல்ல கோமு, தறிக்குழியில கோமு, உடன்குடிக் கருப்பட்டி வண்டிக்காரன் வாயில கோமு. அச்சாபீஸ்ல எட்டாம் தரம் அச்சடிச்சாச்சு.

இம்புட்டுக்கும் காரணமான மனுசனுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? விசாரிச்சேன். சேரன்மாதேவி அம்பலவாணன் பிள்ளைன்னாவ. நம்ம பாட்டுல வாற ஊருதானா, அதான் இம்புட்டு ஆசைன்னு நெனச்சேன். மை காயாத கட்டு ஒண்ணு, நெல்லை அல்வா ஒரு பொட்டலம், ரெண்டையும் தூக்கிக்கிட்டுப் போனேன். தெருவுக்குள்ள நுழையும்போதே பாட்டை எடுத்துட்டேன். ஒவ்வொரு கதவாச் சாத்துதாவ. எனக்கு அப்பவும் உறைக்கலை.

அவர் வீட்டுக் கதவு தொறந்து கிடந்துச்சு. முத்தத்துல வெந்நீர் அடுப்பு. அதுக்கு முன்னால பிள்ளைவாள் குந்தியிருந்து ஒவ்வொரு புஸ்தகமா உள்ள தள்ளுதாரு. வாசல்ல என்னைப் பாத்த ஒரு சின்னப் பொண்ணு மூஞ்சியைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டு.

என்ன அண்ணாச்சி இதுன்னு கேட்டேன்.

"கோமு என் மூத்த மக வே. கன்னுக்குட்டியை வெள்ளம் இழுக்குதுன்னு பிடிக்க இறங்கினா. வளையல்காரன் எவனும் வரலை."

இளையவளைப் பொண்ணு பாக்க மூணு இடத்துல இருந்து வந்தாவளாம். சிந்துல வாறது இந்த வீடுதானான்னு வாசல்ல நின்னே கேட்டுட்டு, மூணு பேரும் செருப்புக்கூடக் கழத்தாமத் திரும்பிட்டாவளாம். அதான், இருக்கதையெல்லாம் வாங்கி எரிச்சுட்டா மக பேரு மிஞ்சும்னு நெனச்சிருக்காரு. வாங்க வாங்கப் புதுசு வந்துக்கிட்டே இருக்குதேன்னு, கையில இருந்த புஸ்தகத்தைப் பாத்துச் சொன்னாரு.

நான் கொண்டுபோன கட்டை எங்க வைக்கன்னு தெரியலை.

யாரை மாதிரியும் நடிச்சுக் காட்டாம, என் சொந்தக் குரல்ல கேட்டேன். "மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி? அன்னைக்கே பாட்டை நிப்பாட்டியிருப்பேனே."

அவரு அடுத்த புஸ்தகத்தை அடுப்புக்குள்ள தள்ளினாரு. அவர் சம்சாரம் ஞானம்பாள் தூணோரமா நின்னாவ. மக போன நாள்ல இருந்து யாருகிட்டயும் வாயே தொறக்கலையாம். என்னை நிமுந்து பாத்தாவ.

"சொல்லியிருந்தா, அதையும் கதையாக் கட்டிச் சந்தையில சொல்லியிருப்பீரு."