போட்டுக் கொடுத்தவன்

மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது கையால்.

ஊரிலிருந்து வந்திருந்த அக்கா, அவளுடைய பள்ளிப் பாவாடையின் விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

மகள் தலையைத் தூக்கினாள். "அத்தை, உங்க கையில என்ன இது?"

அக்காவின் இடது புறங்கையில், கரண்டிக் காம்பின் அகலத்துக்கு ஒரு தழும்பு. முப்பது வருடமாக நான் அதை நேராகப் பார்த்ததில்லை.

"சூடு, கண்ணு. நானும் உன்னை மாதிரி இந்தக் கையாலதான் எழுதுவேன். பாட்டிக்குப் பிடிக்காது. ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதுவேன். ஒருநாள் மாட்டிக்கிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அம்மாவுக்கு அது பீச்சாங்கை. இந்தக் கையால் எழுதுகிறவளை எவன் கட்டிக்கொள்வான் என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

மகள் விடவில்லை. "எப்படி மாட்டினீங்க? யாராவது போட்டுக் குடுத்துட்டாங்களா?"

பூண்டுப் பல் என் விரலிடுக்கில் நசுங்கியது.

அப்போது எனக்கு ஏழு வயது. சமையலறை வாசலில் நின்று, "அம்மா, அக்கா இன்னும் அந்தக் கையாலதான் எழுதறா" என்று நான்தான் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவி, "நீதான்டா என் தங்கம்" என்றாள். பிறகு கரண்டியை அடுப்பில் வைத்தாள்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லலம்மா. பாட்டியே பாத்துட்டாங்க."

"அப்பாவும் இந்தக் கையா?"

"உங்கப்பாவா? அவன் ரொம்ப சமத்து."

மகள் மறுபடி படத்தில் குனிந்துவிட்டாள். நான் முகம் கழுவப் போவதுபோல் எழுந்து போனேன். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

மாடிப்படியின் திருப்பத்தில்தான் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதுவோம். மேல்படியில் அக்கா, கீழ்ப்படியில் நான். இரண்டு பென்சில்களும் இடது கையில்தான் இருக்கும். அம்மாவின் காலடி கேட்டால் நான் சட்டென்று கை மாற்றிக்கொள்வேன். அக்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது.

சூடு வைத்த கையோடு அம்மா அவளைக் கேட்டாள்: "இவனும் உன்கூடத்தானே உக்காந்திருந்தான்? இவன் எந்தக் கையால எழுதறான்?"

அக்காவுக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.