நெற்றிப்பட்டை

மாலை நாலரைக்கு, கணவன் டெரன்ஸின் நெற்றிப்பட்டையோடு பவுலின் வியாசர்பாடியில் கால்பந்துப் பயிற்சியாளர் கோதண்டத்தின் வீட்டுக்கு வந்தாள். தலையால் முட்டிய பந்துகளை எண்ணும் பட்டை அது. ஒருவர் ஆயுளுக்கும் ஆயிரம் முறைதான் முட்டலாம் என்பது கால்பந்துச் சங்கத்தின் விதி. டெரன்ஸுக்கு அது அறுநூற்றுப் பன்னிரண்டு என்றே காட்டியது.

முப்பத்தாறு வயதில் அவனுக்கு மகளின் பெயர் மறந்துவிட்டது.

கோதண்டம் பட்டையைக் கையில் வாங்கவில்லை. மேட்ச்சுக்கு மிச்சம் இருக்கட்டும் என்று, ஏழு வருடம் பயிற்சியில் அதைக் கழற்றி வைக்கச் சொன்னவர் அவர்தான். தினமும் ஐம்பது கார்னர் பந்துகள், எல்லாம் எண்ணாமல் தலையால் முட்டியவை.

“ஆயிரம் தாண்டலியாம். பந்தால வந்த நோவே இல்ல, வைத்தியச் செலவு தர மாட்டோம்னு சங்கத்துல சொல்றாங்க மாஸ்டர்,” என்றாள் பவுலின். “எப்பனா கழட்டிட்டு ஆடுனியான்னு வீட்ல அவரைக் கேட்டா, மாஸ்டர் சொல்லாம கழட்டுவேனான்னு என்னையே திட்றாரு. நீங்க சொன்னீங்களா மாஸ்டர்?”