வியாழக்கிழமை விதி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து பெடல்களைக் கழற்றி, பழைய துணியில் சுற்றி, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார் டெஸ்மண்ட்.

"போன மாசம் ஸ்டியரிங். இந்த மாசம் இதா?" ஷெட் வாசலில் நின்று கேட்டாள் பெரில். "எழுபத்திரண்டு வயசுல கண்ணாமூச்சி ஆடுற ஒரே புருஷன் எனக்குத்தான் வாய்ச்சிருக்கு."

"மெதுவாப் பேசு. அவங்க வர்ற நேரம்."

அவர்கள் என்றால் வில்ஃப், நார்மன், ஹக். டெஸ்மண்டையும் சேர்த்து நாலு பேருக்கும் ஒரே பைத்தியம். பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே சொந்தமாகக் கார் கட்டுவது. கட்டுகிறார்கள், கட்டுகிறார்கள், இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் இந்த டெர்பிஷைர் பக்கத்தில் இந்த வியாதிக்கு மருந்து கிடையாது. வியாழன்தோறும் யாராவது ஒருவருடைய ஷெட்டில் கூடி, டீ குடித்து, கேக் தின்று, வண்டியைச் சுற்றி வந்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு விதி. காரை முடித்தவன் அப்புறம் வரக் கூடாது. ட்ரெவர் என்று ஐந்தாவது ஆள் இருந்தான். முடித்த நாளிலிருந்து அவன் அடித்த தம்பட்டம் தாங்காமல் போட்ட விதி. இப்போது கடைத்தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

டெஸ்மண்டின் கார் போன அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. சோதனையில் தேறி நம்பரும் வாங்கியாயிற்று. செவ்வாய்க்கிழமை விடியலில் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் திருட்டுத்தனமாக ஓட்டிவிட்டு வருவார். சொல்லிவிடலாம்தான். சொன்னால் வியாழன் போய்விடும். மற்ற ஆறு நாளையும் வியாழனை நினைத்தே ஓட்டுகிற மனுஷன் எப்படிச் சொல்வார்?

மூன்று பேரும் வந்தார்கள். ஹக் குனிந்து பார்த்தார்.

"பெடல் எங்கடா?"

"இன்னும் வாங்கலப்பா."

"ஓ" என்றார் ஹக்.

"அதுக்கென்ன, மெதுவா வாங்கிக்கலாம்" என்றார் நார்மன். சாதாரணமாக இப்படி ஒரு பதில் கிடைத்தால் ஒரு மணி நேரம் கிண்டலடித்துத் தள்ளுகிற நார்மன், கேக்கை எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றினார்.

மறுநாள் காலையில் வில்ஃப் ஒரு பையோடு வந்து நின்றார். உள்ளே பெடல்கள்.

"என் வண்டியிலேர்ந்து கழட்டிக் கொண்டுவந்தேன். எனக்கு இன்ஜினே இல்ல, பெடல் வெச்சு எதை மிதிக்கிறது? நீயாவது முடிடா."

வில்ஃபுக்கு எழுபத்தெட்டு வயசு.

அன்றைக்கு ராத்திரி டெஸ்மண்ட் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அவன் வண்டியைப் பிரிச்சு எனக்குக் குடுக்குறான். நான் மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?"

"போய் உண்மையைச் சொல்லிடு" என்றாள் பெரில்.

"சொன்னா வியாழக்கிழமை?"

"சொல்லலைன்னா மட்டும் அந்தக் கேக் உனக்குத் தொண்டையில இறங்குமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மலையைத் தாண்டினால் வில்ஃபின் ஊர். அவனை உட்காரவைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போய், அப்புறம் சொல்லிவிடலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இருபத்திரண்டு வருஷம் கிடைத்ததே பெரிசு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

மலை உச்சியில் டீ வண்டி ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் மூன்று கார்கள் வரிசையாக நின்றிருந்தன. பச்சை, சிவப்பு, மஞ்சள். மூன்றிலும் கூரை கிடையாது. மூன்றையும் அவருக்கு ஒவ்வொரு திருகாணியாகத் தெரியும்.

வில்ஃப், நார்மன், ஹக் மூவரும் கையில் பன்னோடு உறைந்து நின்றார்கள்.

டெஸ்மண்ட் வண்டியை நிறுத்தி இறங்கினார். நேராக வில்ஃபிடம் போனார்.

"இன்ஜின் இல்லைன்ன?"

"என் ஷெட்டுக்கு நீ வர்ற வாரம் மட்டும் இறக்கி வெச்சுடுவேன்" என்று இடுப்பைத் தடவிக்கொண்டார் வில்ஃப். "பெடல் உதிரியா இன்னொரு செட் இருந்துது."

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"மூணு வருஷமா."

டெஸ்மண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் என்ன ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

"மூணு பேரும் கூட்டுச் சேர்ந்து என்னை மட்டும் ஏமாத்தியிருக்கீங்க. விதியைப் போட்டதே நீதானேடா நார்மன்?"

"விதியாவது மண்ணாவது. கடைசியா நிக்கிறவன் நீ. உன்னை விட்டுட்டு நாங்க எப்படிடா முடிச்சோம்னு சொல்றது? உன்னுதும் முடியட்டும்னு இருந்தோம். அப்புறம் பொறுக்காம, கிறிஸ்மஸுக்குச் சொல்லிடலாம்னுகூட முடிவு பண்ணினோம்."

"ஏன் சொல்லல?"

நார்மன் பன்னைப் பார்த்தார். ஹக் ரோட்டைப் பார்த்தார். வில்ஃப்தான் பேசினார்.

"ஒரு மாசம் ஸ்டியரிங் இருக்கும், அடுத்த மாசம் இருக்காது. எங்க கண்ணால பார்த்த பெடலை இன்னும் வாங்கவே இல்லைங்குற. உனக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிடுச்சுன்னு பயந்துட்டோம்டா. நீ எதை மறந்தாலும் பரவாயில்ல, வியாழக்கிழமையை மட்டும் மறந்துடக் கூடாதுன்னுதான்..."