தீவுப் படம்

தாயம்மாள் பொய் சொல்வாள் என்று ரத்தினவேல் கனவிலும் நினைத்ததில்லை.

வருகிற தை மாதம் அவர் மகள் இந்திராணிக்கு மாமியாராகப் போகிறவள். நெற்றி நிறைய விபூதி, வெள்ளி தவறாத விரதம் என்று ஜனக்புரி தமிழர்களிடம் பேர் எடுத்தவள். ஞாயிற்றுக்கிழமை ரத்தினவேலின் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லித்தான் பெண்ணை அழைத்துப் போனாள்.

மறுநாள் ஆபீசில் கூட வேலை பார்க்கும் லட்சுமணன் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கன்னாட் பிளேஸ் தியேட்டரில், மேட்னி ஷோவில் அவர்களைப் பார்த்தாராம். இங்கிலீஷ் படம். ஒட்டவே ஒட்டாத ஒருத்தனும் ஒருத்தியும் ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டு, சண்டை போட்டுப் போட்டே காதலிக்கிற கதை. உடுப்பெல்லாம் அரைகுறை.

அது மட்டுமா? மகன் அழகர்சாமியையும் இந்திராணியையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தாயம்மாள் நாலு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாளாம்.

இன்னும் தாலி ஏறாத பெண். ரத்தினவேல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஜனக்புரிக்கு பஸ் ஏறினார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்றிருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் தாயம்மாள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, மன்னிக்கணும். இந்தச் சம்பந்தம் வேண்டாம். என் பையனுக்கு இன்னும் பக்குவம் வரலை. தப்பு எங்க மேலதான். யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்க."

கோயில் என்று கூட்டிப் போய், நாலு பேர் பார்க்கப் பெண்ணை உட்கார வைத்து, இப்போது கையும் கழுவுகிறாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார்.

தாயம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் தட்டுத் தடுமாறி நடந்ததைச் சொன்னார். அழுதால் எப்படித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

இந்திராணி அழவில்லை.

"அத்தையை ஏதாவது சொல்லிட்டீங்களாப்பா?"

"சொல்லாம? வேண்டாம்னு சொல்றவளைக் கும்பிட்டுட்டா வரச் சொல்றே?"

"பக்கத்துல உட்கார்ந்தாத்தான் ஆள் எப்படின்னு தெரியும்னு அத்தைதான் கூட்டிட்டுப் போனாங்க. அவர் பேச்சுக்குப் பேச்சு அதட்டினாரு. இடைவேளையில அத்தை என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'இந்த மாதிரித் தீவுல என் மகனோட மாட்டிக்கிட்டா என்னம்மா செய்வே?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நீந்தியாவது தப்பிச்சுப் போயிடுவேன்னேன்."

"அதுக்கு?" என்றார் ரத்தினவேல்.

"சிரிச்சாங்கப்பா. அப்புறம், 'வேண்டாம்னு நீ சொன்னா உன் பேர்தான் கெடும். நானே சொல்லிக்கிறேன், உங்கப்பா திட்டினா வாங்கிக்கிறேன்'னாங்க."