மாம்பழத்தை மட்டும் தொடாதீங்க

செல்பேசித் திரையின் மேலிருந்து பழங்கள் விழுந்துகொண்டிருந்தன.

கொய்யா, வாழை, ஆரஞ்சு. எது விழுந்தாலும் விரலால் தொட வேண்டும். "மாம்பழத்தை மட்டும் தொடாதீங்க" என்றது செயலியின் பெண் குரல்.

ஓவியா மற்ற பழங்களில் பாதியை விட்டாள். மாம்பழத்தில் ஒன்றைக்கூட விடவில்லை.

இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "பொண்ணுக்குக் கால்ல சக்கரம் கட்டி அனுப்புறீங்களா சார்?" என்று அவளுடைய டீச்சர் கேட்டார். பாடம் நடக்கும்போதே எழுந்து ஜன்னலுக்கு ஓடிவிடுகிறாளாம். அந்த ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. சாலை. அதற்கு அந்தப் பக்கம் என் அலுவலகம்.

டாக்டரிடம் காட்டாவிட்டால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர்தான் இந்தச் செயலியைத் தந்தார். பிள்ளையின் விரல் எங்கே போகிறது என்பதை அது கணக்கெடுக்கும். கண் எங்கே போகிறது என்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். "இத மட்டும் வச்சு எதுவும் சொல்லிட மாட்டேன். ஆனா இதுவும் எனக்கு வேணும்" என்றார்.

ஆட்டம் முடிந்தது. 'கைக் கட்டுப்பாடு மிகக் குறைவு' என்று சிவப்பில் வந்தது. இன்னொரு முறை ஆடலாம் என்றது.

"ஏம்மா, மாம்பழத்தத் தொடாதேன்னுதானே சொல்லுது?"

"அந்த அக்கா நம்ம ஊர் இல்லபோல. மாங்கனி கீழ விழலாமாப்பா? அம்மா திட்டும்ல."

எழில்மதியின் சட்டம் அது. ஆனி மாதம் அம்மையார் கோயில் திருவிழாவில் சாமி வீதிக்கு வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நாங்கள் கையேந்தி நிற்போம். அப்படிப் பிடித்த ஒன்றைத் தின்ற மறுவருடம் ஓவியா பிறந்தாள். 'மாங்கனிப் புள்ள' என்பாள் எழில்மதி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளையும் பாவாடையை விரித்துப் பிடிக்கச் சொல்லிக் கூட்டத்தில் நிறுத்துவாள்.

போன ஆனியிலும் நிறுத்தினாள்.

ஆடியில் எழில்மதிக்குக் காய்ச்சல் வந்தது. ஆவணியில் வீட்டில் நானும் ஓவியாவும் மட்டும் இருந்தோம்.

"இது சாமி மாங்கனி இல்லம்மா. வெறும் படம். அப்பாவுக்காகத் தொடாம இரு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

மறுபடியும் பழங்கள் விழுந்தன. கொய்யாவைத் தொட்டாள். வாழையைத் தொட்டாள். மாம்பழம் வந்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அது மெல்ல இறங்கித் திரையின் அடியில் மறைந்தது.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்குற? அதைப் பாரு."

பார்த்தாள். அடுத்த மாம்பழம் விழுந்தது. மறுபடியும் என்னைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பார்த்தாள்.

இந்த முறை கைக் கட்டுப்பாடு பச்சையில் வந்தது. அதற்குக் கீழே சிவப்பில் இன்னொரு வரி: 'பார்வை திரையில் இல்லை. கவனம் குறைவு.'

டாக்டருக்கு அனுப்பலாமா என்று கேட்டது. நான் விரலைக் கொண்டுபோனேன்.

சட்டை இழுபட்டது. அதன் ஓரம் ஓவியாவின் கையில் இருந்தது. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"அன்னிக்குத் திருவிழாவுல ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா கீழ விட்டேன்" என்றாள். "இப்ப எவ்வளவு விட்டுட்டேன்."

பிறகு எக்கி, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.