எலாடியோ வாங்கிய ரோலர்

"போன வாரம் வாங்கிட்டுப் போனீங்களே தலைமுடி சுத்தற ரோலர், அது என்னாச்சு?"

கடைக்காரி தெல்மா கேட்டாள்.

"அதையேன் கேக்கறீங்க. முடியோட சிக்கிக்கிட்டு வரவே மாட்டேன்னுடுச்சு. அவளுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, பாவம்."

ஷாம்பு அலமாரிக்குப் பின்னால் நின்ற நூரிஸுக்குக் காது நீண்டது. ஆம்பளைக் குரல். அதுவும் தெரிந்த குரல்.

எட்டிப் பார்த்தாள். எலாடியோ! அவளுடைய உயிர்த்தோழி மிரேயாவின் புருஷன். மிரேயா மாட்ரிட்டில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இவன் இங்கே சாந்தியாகோவில் பைக்கில் ஆள் ஏற்றிக்கொண்டு திரிகிறான்.

"சுருட்ட முடின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? அதுக்கு இந்த முள்ளு முள்ளா ஒட்டிக்கிற ரோலர் ஆகவே ஆகாது. வழவழன்னு பிளாஸ்டிக்ல இருக்கு பாருங்க, இத எடுத்துக்குங்க. பெருசாவே எடுங்க. முடி எவ்வளவு நீளம்?"

எலாடியோ கையைப் பின்னால் வளைத்து நடுமுதுகைத் தொட்டுக் காட்டினான்.

"இது வரைக்கும் வரும். ரெண்டு கையாலயும் அள்ள முடியாது."

என்ன பெருமை முகத்தில்! நூரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிரேயாவுக்குத் தோளைத் தாண்டி முடி கிடையாது.

"லோஷன அப்படியே ஊத்திடாதீங்க, மொடமொடன்னு ஆயிடும். தண்ணி கலந்து தெளிக்கணும். ஈரத்தோடயே சுத்துங்க. முழுசாக் காயற வரைக்கும் கழட்டப்படாது."

"கழட்டவே விடமாட்டேன். காயற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து கதை பேசிட்டிருப்பேன்."

பையை வாங்கிக்கொண்டு திரும்பியவன், நூரிஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பை முதுகுக்குப் பின்னால் போனது.

"என்னண்ணே, ரோலரெல்லாம் பலமா இருக்கு?"

"இது வந்து… எங்க அக்காவுக்கும்மா."

அவன் அக்கா ஆம்பளை மாதிரி கிராப் வெட்டிக்கொண்டு திரிவது ஊருக்கே தெரியும். மேலே கேட்பதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

"பாத்தியா தெல்மா? அவ அங்க கெழவிங்களக் குளிப்பாட்டி சம்பாதிக்கறா. இவரு இங்க எவளுக்கோ முடி சுத்தி விடறாரு."

"மகளுக்கா இருக்கும்டி."

"யாரு, கெய்லாவுக்கா? நல்லாச் சொன்ன போ. அது பாசிமணி கோத்து ஜடை போடற குழந்தை. ரோலர் போடற வயசா அதுக்கு?"

நூரிஸ் போனை எடுத்தாள். தலையில் கட்டியிருந்த வலைக்குள் அவளுடைய ரோலர்களும் சேர்ந்து ஆடின. சனிக்கிழமை என்றால் அந்த ஊரில் பாதிப் பெண்கள் அந்தக் கோலத்தில்தான் கடைக்கு வருவார்கள்.

"இப்பவே மாட்ரிட்டுக்குப் போன் போடறேன். ஏர்போர்ட்டுல என்னக் கட்டிப்புடிச்சு அழுதா தெல்மா. என்னென்னமோ சொன்னா. எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போன்னு சத்தியம் பண்ணி அனுப்பியிருக்கேன்."

"கண்ணால பாக்காம ஒரு குடும்பத்தக் கலைச்சுடாத."

அதுவும் சரிதான் என்று பட்டது. நாலு தெரு தள்ளித்தான் வீடு. வேகமாக நடந்தாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பெண் சிரிக்கும் சத்தம். முதுகைக் காட்டி நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பாதித் தலையில் ரோலர், மீதி முடி ஈரமாக நடுமுதுகு வரை. எலாடியோ வாயில் க்ளிப்பைக் கவ்விக்கொண்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"நல்லாயிருக்குண்ணே நீங்க பண்ற காரியம்!"

நாற்காலிக்காரி திரும்பினாள்.

"ஐ, நூரிஸ் அத்தை!"

கெய்லா. எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? பாசிமணியெல்லாம் எங்கே போயிற்று?

நூரிஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஜடை வேணாங்கறாம்மா. பெரிய பொண்ணாயிட்டாளாம்," என்றான் எலாடியோ, க்ளிப்பை எடுத்துவிட்டு. "மொதல்ல ரொம்ப அழ வெச்சுட்டேன். இப்பப் பழகிடுச்சு."

"அப்பாவுக்கு இப்ப நல்லா வருது அத்தை."

"மகளுக்குன்னு சொன்னா என்னண்ணே? எதுக்கு எங்கிட்டப் பொய் சொன்னீங்க?"

அவன் அடுத்த முடிக்கற்றையை எடுத்துச் சீப்பைப் போட்டான். அதற்குள் மேஜைமேல் போன் அடித்தது. மிரேயா, வீடியோவில்.

எலாடியோ பதறிப்போய்ச் சீப்பை நூரிஸின் கையில் திணித்தான்.

"கொஞ்சம் இதப் புடிம்மா. ஒண்ணும் சொல்லிடாத," என்று முணுமுணுத்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டான்.

கெய்லா போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தாள். திரையில் மிரேயா. இளைத்திருந்தாள். மகளின் தலையைப் பார்த்தாள், பின்னால் ஈரச் சீப்போடு நின்ற நூரிஸைப் பார்த்தாள், பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"இன்னிக்குத்தான் ஆப்ட்ட நீ. ஒவ்வொரு தடவையும் நான் கூப்பிடறப்ப 'நூரிஸ் இப்பத்தான் கிளம்பிப் போனா'ன்னு சொல்லிடுவாரு."

"மிரேயா, நான் வந்து…"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டி. 'கெய்லா தலைய மட்டும் பாத்துக்கோ, அவருக்கு அதெல்லாம் வராது'ன்னு ஏர்போர்ட்டுல உன் கையப் புடிச்சுக் கேட்டேன். நீ ஒரு சனிக்கிழமைகூடத் தவறினதில்லைன்னு வாராவாரம் அவருதான் எங்கிட்டச் சொல்றாரே!"